மகள் பெயரில் ஒரு வீடு

திருமலைராயன்பட்டினம்
2 பிப்ரவரி 2025

அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை ஹஃபீஸா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் மச்சானைக் கேட்டால் என்னைத் தவிர வேறு குறையில்லை என்பார். உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? ஆஸியா மச்சிக்கும் உங்கள் மகள் இஃபாத்துக்கும் என் சலாம்.

நேற்றுதானே வீடியோ காலில் பேசினோம், இதென்ன காகிதம் என்று நினைப்பீர்கள். அந்தக் காலில் வீடே உட்கார்ந்து கேட்கிறது, நானா. உங்கள் மச்சான் அங்கே பனி எத்தனை அடி என்று விசாரிப்பார். ஆபித் போனைப் பிடுங்குவான். பக்கத்துவீட்டு ஞானசௌந்தரி டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்து, அமெரிக்காவில் முருங்கைக்கீரை கிடைக்கிறதா என்று கேட்பாள். இதில் மனதில் இருப்பதை எங்கே சொல்வது? வாப்பா குவைத்தில் இருந்தபோது உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உம்மாவுக்குத் தெரியாமல் கடைசி நாலு வரியை நீங்கள் எழுதுவீர்கள், சைக்கிள் கேட்டு. அந்த நீலத் தாள் இப்போது போஸ்ட் ஆபீசில் இல்லையாம். கவர்தான் வாங்கினேன்.

விஷயம் இதுதான். ஆபித்துக்கு நியூஜெர்சியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் எடிசன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்தானாம். நீங்கள் ஒரு ஸ்பான்சர் கடிதமும் பேங்க் கணக்கின் நகலும் அனுப்பினால் கல்லூரிக்காரர்கள் விசாவுக்கு வேண்டிய தாளைக் கொடுப்பார்கள். படிப்புக்கு நாங்கள் லோன் எடுக்கிறோம். அவன் தங்க உங்கள் வீட்டில் ஒரு மூலை போதும். ஏப்ரல் முப்பதுக்குள் வேண்டும்.

துஆவுடன்,
ஹஃபீஸா

*

எடிசன்
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். மாத்திரை ஒத்துக்கொள்கிறது. உன் முழங்காலுக்கு ஆஸியா ஒரு தைலம் சொல்கிறாள், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கையெழுத்து மாறவே இல்லை. 'ழ'வுக்கு இன்னும் அதே நீண்ட வால். கவரைப் பிரிப்பதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

இங்கே இன்று ஒன்பதாம் நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கிறார்கள். ஹைதராபாத்காரர் காய்ச்சுவது. நல்ல மனிதர், ஆனால் அது கஞ்சியில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு நாம் வரிசையில் நிற்போமே, நீ எனக்குப் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய். ஒரு தடவை வாளி சாய்ந்து என் கால் வெந்துபோனது. நீதான் கொட்டினாய், நான் உம்மாவிடம் சொல்லவில்லை. இப்போதும் கேட்டால் சொல்லமாட்டேன். மீன் அங்காடிப் பக்கம் இருந்த அந்த ஊறுகாய் வடைக்காரர் இருக்கிறாரா? கீழவாசல் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?

இஃபாத் ஒருநாள் திடீரென்று கேட்டாள், மாமி வீட்டு மாடி அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று. தெருப் பக்கம் ஒன்று, தெற்கே ஒன்று என்றேன். சரிதானா? உனக்குக் கல்யாணமாகி மச்சான் அந்த அறைக்கு வந்த பிறகு நான் மேலே ஏறியதில்லை. இவளுக்கு நவம்பரில் இருபத்தொரு வயது நிறைகிறது. நாள் ஓடுகிறது.

ஆபித் விஷயம். நல்ல கல்லூரிதான். யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சஃபியுல்லா

*

திருமலைராயன்பட்டினம்
6 ஏப்ரல் 2025

அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. ஆட்டுக்கறி ஆணமும் இடியாப்பமும் செய்து, உங்கள் பங்கையும் உங்கள் மச்சானே சாப்பிட்டார். வடைக்காரர் மௌத்தாகிவிட்டார், மகன் போடுகிறான். குளத்தில் தண்ணீர் இருக்கிறது. ஜன்னலும் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கஞ்சியை நான் கொட்டவில்லை.

இரண்டு பக்கம் எழுதினீர்கள். அதில் நான் கேட்டதற்கு ஒரே ஒரு வரி. யோசிக்க இதில் என்ன இருக்கிறது, நானா? 2012இல் நீங்கள் வந்தபோது காரைக்கால் கடற்கரையில் ஆபித்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "இவன் படிச்சு முடிச்சதும் என்கிட்ட அனுப்பிரு ஹஃபீஸா, மிச்சத்தை நான் பாத்துக்குறேன்." நான் மறக்கவில்லை. பையனும் மறக்கவில்லை. அன்று முதல் அவனுக்கு அமெரிக்கா என்றால் மாமா வீடுதான். பள்ளிக்கூடத்தில் வருங்காலத்தில் என்ன ஆவாய் என்று கேட்டதற்கு, நியூஜெர்சி போவேன் என்று எழுதி வைத்த பிள்ளை.

போலகத்திலிருந்து சிவநாதன் மகன் போன வருஷம் போனான். அவனுக்கு அங்கே சொந்தமென்று ஒருவருமில்லை. நம் பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்துத்தானே. ஏப்ரல் முப்பது நெருங்குகிறது.

ஆஸியா மச்சிக்கு என் சலாம். தைலம் வேண்டாம், கடிதம் போதும்.

ஹஃபீஸா

*

திருமலைராயன்பட்டினம்
31 மே 2025

நானாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க மனமில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஏப்ரல் முப்பது போய்விட்டது. கல்லூரி இரக்கப்பட்டு மே கடைசிவரை நேரம் கொடுத்தது. அதுவும் இன்றோடு போய்விட்டது. இப்போது மாணவர்களுக்குப் புதிதாக விசா நேர்காணல் தேதி கொடுப்பதையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஆபித் சொல்கிறான். உங்கள் காகிதம் மார்ச்சில் வந்திருந்தால் அவன் தேதி வாங்கியிருப்பான். போனில் கேட்டால் வேலை அதிகம் என்கிறீர்கள், ஆஸியா மச்சி சிக்னல் இல்லை என்கிறார். அமெரிக்காவில் சிக்னல் இல்லை.

ஒன்று கேட்கிறேன். 2019இல் வந்திருந்தபோது நான் விளையாட்டாக, இஃபாத்துக்கு முறைமாப்பிள்ளை இங்கே ஒருத்தன் இருக்கிறான் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "அவ அமெரிக்கப் பொண்ணும்மா" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சொல்லவில்லை. ஆபித் வந்து உங்கள் வீட்டில் தங்கினால் அந்தப் பேச்சை நான் மறுபடி எடுப்பேன் என்று பயப்படுகிறீர்களா? அல்லாஹ் மீது ஆணையாக அந்த நினைப்பு எனக்கில்லை.

அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டாமா? பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவைக் குறை சொல்லாதே என்று என்னிடமே சண்டை போடுகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹஃபீஸா

*

எடிசன்
22 ஜூன் 2025

என் அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுத ஆரம்பித்து, இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நாங்கள் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை, ஹஃபீஸா. எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. 2014இல் மனுப் போட்டோம். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அவ்வளவு நீளம். நானும் ஆஸியாவும் என் வேலை இருக்கிறவரை இங்கே இருக்கலாம். பிள்ளைகள் மட்டும் தாய் தகப்பன் விசாவில் இருபத்தொரு வயது வரைதான். நவம்பர் பதினான்கோடு இஃபாத் எங்கள் விசாவிலிருந்து விழுந்துவிடுகிறாள். மூன்று வயதில் வந்த பிள்ளை.

மாணவர் விசாவுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். அதற்குக் காட்ட எங்களிடம் இருக்கும் சேமிப்பைத்தான் நீ ஆபித்துக்குக் காட்டச் சொன்னாய். ஒரே பணத்தை இரண்டு பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கஞ்சியையும் குளத்தையும் எழுதினேன். அதோடு, ஆபித்தை இந்த வரிசையின் வாலில் கொண்டுவந்து நிறுத்தவும் எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்று. படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்பிவிடுவாள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். "இந்தியாவில் இந்தப் பெண்ணுக்கு வீடு எங்கே இருக்கிறது?" என்று வக்கீல் கேட்டார். நம் பட்டினத்தில் எவ்வளவு இல்லாதவனும் மகளுக்கு ஒரு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேசமாட்டான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். உனக்கு உம்மாவின் வீடு. ஆஸியாவுக்குத் தருமபுரத்தில் அவள் வாப்பா கட்டிய வீடு. அது இஃபாத்துக்கு வந்திருக்க வேண்டியது. அதை விற்றுத்தான் 2016இல் இங்கே இந்த வீட்டை வாங்கினேன். நீ வேண்டாம் என்று சொன்னாய்.

இந்த வீட்டையும் மகளுக்கென்றுதான் வாங்கினேன், தெரியுமா? இரண்டு அடுப்படி வேண்டும் என்று தரகரிடம் அடம்பிடித்தேன். அவள் கல்யாணமானதும் நானும் ஆஸியாவும் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. மேலே ஒரு மாப்பிள்ளை அறை. ஒன்பது வருஷமாக ஆஸியா அதில் ஒருவரையும் படுக்க விட்டதில்லை. நியூஜெர்சியில் மாப்பிள்ளை அறை வைத்துக் காத்திருக்கும் ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். இந்த வீட்டில் மகள்தான் இனி இருக்கக்கூடாது.

உன்னிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆபித்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் நானா,
சஃபியுல்லா

*

திருமலைராயன்பட்டினம்
10 ஜூலை 2025

மச்சானுக்கு, மீரா சாகிப் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், ஆனால் உங்கள் தங்கை மூன்று நாளாக என்னைத் திட்டவில்லை. பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போனவள் சாயங்காலம் மஃரிபுக்குத்தான் இறங்கினாள். கண் சிவந்திருந்தது. அடுத்த நாள் பீரோவைத் திறந்து உங்கள் உம்மா எழுதிக்கொடுத்த பழைய பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டினாள். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகிறது. அந்தப் பத்திரத்தை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இஃபாத்தின் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னாள். பாஸ்போர்ட் நகலும் வேண்டுமாம். எதற்கு என்று கேட்கக்கூடாதாம். நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

உங்கள் மச்சான்,
மீரா சாகிப்

*

எடிசன்
27 ஜூலை 2025

அன்புள்ள ஹஃபீஸாவுக்கும் மச்சானுக்கும்,

வ அலைக்கும் ஸலாம். பாஸ்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மச்சான் கேட்டுக்கொண்டதற்காக அனுப்புகிறேன். ஆனால் ஹஃபீஸா, நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். அது உன் வீடு.

வாப்பா குவைத்திலிருந்து திரும்பிய நாளை இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறாம் வருஷம். உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினாறு. சண்டை வந்து எல்லாம் போய், ஜோர்டானில் அம்மான் நகரம் வரை பாலைவனத்தில் பஸ்ஸில் வந்து, பம்பாயில் இறங்கி, பட்டினத்துக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு பை. போட்டிருந்த சட்டை யாரோ கொடுத்தது. வாசலில் ஏறாமல் நின்றார். வெறுங்கையோடு எப்படி உள்ளே வருவது என்று நின்றார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. உம்மா என்ன சொன்னார் நினைவிருக்கிறதா? "வீடு என்னோடதுதான், வாங்க. யாரும் உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது." அன்று எனக்கு உம்மா மீது கோபம் வந்தது, இப்படியா சொல்லிக்காட்டுவது என்று. வாப்பாவோ அதைக் கேட்டுத்தான் அழுதார். பதினான்கு வருஷச் சம்பாத்தியம் போன மனிதருக்கு அதைவிட ஆறுதலாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கப்பலேறிய ஆண்கள் எதைத் தொலைத்தாலும் பிள்ளைகளுக்குக் கூரை இருக்க வேண்டும் என்றுதான் நம் ஆட்கள் வீட்டைப் பெண் பெயரில் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டை நான்தான் விற்றேன். அதற்கு நீ பொறுப்பல்ல.

சஃபியுல்லா

*

திருமலைராயன்பட்டினம்
7 செப்டம்பர் 2025

அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உங்களுக்குப் பாரிஸ் முத்திரையோடு வரும். திகைக்க வேண்டாம். வரிச் சண்டையில் அமெரிக்காவுக்கு இங்கிருந்து தபாலே வாங்க மாட்டோம் என்று போஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஒரு காகிதத்துக்கு என்ன வரி என்று கேட்டேன். எனக்குத் தெரியாதும்மா என்றார் அந்தப் பிள்ளை. காரைக்காலில் நம் வாப்பாவின் சிநேகிதர் நீலமேகம் இருக்கிறாரே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் மகனைப் பார்க்கப் பாரிஸ் போகிறார். அவர் கையில் கொடுத்தேன். ஆபித் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். இதைப் போனில் அனுப்ப எனக்கு மனமில்லை.

போன புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் இந்த வீட்டை இஃபாத்துக்கு ஹிபாவாக, இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் உள்ளே இருக்கிறது. வக்கீல் கேட்டால் காட்டுங்கள்: பெண்ணுக்கு வீடு இருக்கிறது, திருமலைராயன்பட்டினத்தில், தெருப் பக்கம் ஒரு ஜன்னல், தெற்கே ஒன்று.

கோபப்படுவதற்கு முன் யோசியுங்கள். எனக்கு இருப்பது ஒரே மகன். நாளைக்குக் கல்யாணமானால் அவன் பெண்டாட்டி வீட்டுக்குப் போகப்போகிறவன். இந்த வீட்டுக்கு அடுத்த பெண் யார்? உம்மாவின் பேத்தி அவள் ஒருத்திதானே. உங்கள் மச்சானிடம் கேட்டேன். "நான் இங்க வந்தப்பவே இது என் வீடு இல்லைங்க. யாரு பேருல இருந்தா என்ன, எனக்கு ஒரு நாற்காலி போடமாட்டாளா?" என்றார். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்தும் அவர்தான் போட்டார்.

இதில் நிபந்தனை எதுவும் கிடையாது. 2019இல் நான் பேசிய பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் யாரைக் கட்டினாலும், கட்டாமலே இருந்தாலும், வந்தாலும் வராவிட்டாலும், வீடு அவளுடையது. மே மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அதை எழுதிய கைக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆபித் ஜெர்மன் மொழி படிக்கிறான். அங்கே கல்லூரிக் கட்டணம் இல்லையாம். காலையில் பசியாறும்போதே ஜெர்மனில் கத்துகிறான். உங்கள் மச்சான் ஆமாம் ஆமாம் என்கிறார்.

துஆவுடன்,
ஹஃபீஸா

*

எடிசன்
4 அக்டோபர் 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இஃபாத். நீங்கள் நலமா, மாமா நலமா, ஆபித் மச்சான் நலமா? நான் நலம். என் தமிழ் நலமில்லை. உம்மா பக்கத்தில் இருந்து எழுத்தைத் திருத்துகிறார். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதைத் திருத்தக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பாரிஸ் கடிதம் வந்தது. வாப்பா படித்துவிட்டு மேலே இருக்கும் அந்தக் காலி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு நான் படித்தேன். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வக்கீல் என்னை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். படிப்பு முடிந்ததும் இந்தியாவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவேன் என்று. வாப்பா சொன்னார், எல்லாரும் எழுதுவதுதான், எழுதிக் கொடுத்துவிட்டு இரு, பிறகு ஒரு வழி வரும் என்று. வீடு இல்லாதபோது அது வெறும் வரி. நான் எழுதியிருப்பேன். இப்போது வீடு இருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். திரும்பி வர நினைக்காமல் அந்த வரியை எழுதினால் அது வக்கீலிடம் சொல்லும் பொய் இல்லை, உங்களிடம் சொல்லும் பொய்.

அதனால் பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷப் படிப்பை மே மாதம் முடித்துவிட்டேன், மிச்சத்தை அங்கே படிக்க முடியும். எனக்கு இந்த ஊர் பிடிக்கும், மாமி. என் சிநேகிதிகள் எல்லாரும் இங்கே. போவது எளிது என்று பொய் சொல்லமாட்டேன். தினமும் அழுகிறேன். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து என் பிறந்தநாள் வந்தால் உம்மாவும் வாப்பாவும் விரலை மடக்கி எண்ணுவார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பார்கள். இனி யாரும் எண்ண வேண்டாம்.

நவம்பர் 12 திருச்சிக்கு வருகிறேன். மாமாவுக்கு நாற்காலி உண்டு என்று சொல்லுங்கள்.

இஃபாத்

*

எடிசன்
19 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். உடம்பு பரவாயில்லை. ஆஸியாதான் தூங்குவதில்லை.

உனக்கு நன்றி என்று எழுதினால் அடிக்க வருவாய். அதனால் ஒரு வேண்டுகோள் மட்டும். அவளைத் தடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள். அந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாம். அதற்குள் கிரீன் கார்டு வரிசையில் எங்கள் எண் வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். பதினோரு வருஷமாக வந்துவிடலாம் என்றுதான் சொல்கிறீர்கள் என்றாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விசாக்காரர்களுக்குப் புதிதாக ஒரு பெரிய கட்டணம் அறிவித்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வேண்டுமோ என்று எல்லோரும் பதறினார்கள். எங்கள் அலுவலகத்துக் கார்முகில், தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். தாலி கட்டுவதைப் பார்க்காமலே விமானம் ஏறினான். மறுநாள் அது புதியவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். திங்களன்று அவன் கசங்கிய பட்டு வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நான் வந்த காலத்தில் இது இப்படி இருக்கவில்லை, ஹஃபீஸா. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ள மண்வெட்டி கொடுத்து, இனி இது உங்கள் ஊர் என்றார். நான் நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.

அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்த தெரு இது. அவள் இல்லாமல் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்று தெரியவில்லை. கொஞ்சம் சொல்லிப் பார்.

நானா

*

திருமலைராயன்பட்டினம்
23 நவம்பர் 2025

அன்பு நானாவுக்கும் ஆஸியா மச்சிக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால் மறுபடி திறந்துவிட்டார்கள், இது நேராக வரும். நீங்கள் கேட்டபடி நான் சொல்லிப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை. அதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளை நலமாக இருக்கிறாள். போனில் சிரித்துப் பேசுகிறாள், ஆனால் முதல் நாலு நாள் தலையணையை நனைத்தாள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. கொசு அவளை ஆசையாக வரவேற்றது. ஞானசௌந்தரி தினமும் வந்து, அமெரிக்காவில் முருங்கைக்கீரை கிடைக்குமா என்று இப்போது அவளிடம் கேட்கிறாள். புதுச்சேரியில் மிச்சப் படிப்பைத் தொடர நம் தெரு மதிவதனி டீச்சர் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். ஜூனில் சேரலாம்.

பதினான்காம் தேதி, பிறந்தநாளன்று, பத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். வடக்கே ஞானசௌந்தரி வீட்டுச் சுவர், கிழக்கே தெரு, தெற்கே சந்து, மேற்கே கிணற்றடி என்று நாலு எல்லையும் எழுதியிருக்கிறதே, படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு எல்லையாகப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. உங்கள் மச்சான் குடை பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினார், மழை பெய்யவில்லை.

பிறகு உள்ளே வந்து முதல் உத்தரவு போட்டாள். மாடி அறையைக் காலி செய்ய வேண்டும். நானும் உங்கள் மச்சானும் கீழே வந்துவிட்டோம், என் முழங்காலுக்கு அதுவும் நல்லதுதான். அவள் அங்கே படுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னோடு கூடத்தில்தான் படுக்கிறாள். மாடியில் இரண்டு கட்டில் போடச் சொன்னாள், ஒன்று வாப்பாவுக்கு, ஒன்று உம்மாவுக்கு. அவர்களுக்கு வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, எப்போது வருவார்களோ என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவசரமில்ல மாமி. இந்த வரிசையில ரெண்டே பேருதான்."

அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நானா, எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகத்தான் வந்தீர்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதுவீர்கள், வாசலில் நின்று குரல் கொடுப்பீர்கள், மாடி ஏறமாட்டீர்கள். பிறந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு அதுதான் நம் வழக்கம், நானும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மகள் வீட்டில் வாப்பா விருந்தாளி கிடையாது. இனி வரும்போது சொல்லிவிட்டு வர வேண்டாம். வந்து, நேராக மாடிக்கு ஏறிப் போங்கள்.

உங்கள் தங்கை,
ஹஃபீஸா